கொழும்பில் நாலு நாள்: எங்கே நடப்பது, எங்கே உட்காருவது

கேள்வி இதுதான். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. எழுபது வயது தாண்டிய அப்பா, அம்மா, கணவன் மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். கையில் நாலு நாள். "கொழும்பில் பார்க்க ஒன்றுமில்லை, இறங்கியதும் கண்டிக்குப் போய்விடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கலை, கலாசாரம், பொழுதுபோக்கு என்று அங்கே உண்மையிலேயே என்ன இருக்கிறது?" என்று கேட்கிறீர்கள்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, இப்போது வெள்ளவத்தையில் இருப்பவன். அந்த 'ஒன்றுமில்லை' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வலிக்கும். ஆனால் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. சீகிரியா போல ஒரு குன்றோ, தலதா மாளிகை போல நாடே திரண்டு வரும் ஒரு தலமோ கொழும்பில் இல்லை. கோட்டை என்று ஒரு பகுதி உண்டு. போய்ப் பார்த்தால் கோட்டை இருக்காது. மதில்களை ஆங்கிலேயர் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடித்துவிட்டார்கள். இது ஒரு துறைமுகப் பட்டினம். கப்பலில் வந்தவர்கள் இறங்கி, கடை வைத்து, கும்பிட ஓர் இடம் கட்டி, அப்படியே தங்கிவிட்ட ஊர். தமிழர், சோனகர் என்று நாங்கள் சொல்லும் தமிழ் பேசும் முஸ்லிம்கள், மலாயர், செட்டிமார், பறங்கியர் என்ற ஐரோப்பிய வழித்தோன்றல்கள், பார்சிகள், போராக்கள், சிங்களவர் எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு கட்டிய தெருக்கள்தான் இங்கே காட்சி. வேனில் ஏறிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நெரிசல்தான் தெரியும். நடந்தால்தான் ஊர் தெரியும். அதனால் நாலு நாளில் இரண்டு காலைப்பொழுதை நடைக்கு ஒதுக்குங்கள், பெரும்பாலான மாலைகளைக் கடலுக்குக் கொடுங்கள்.

முதல் நடை புறக்கோட்டை. கோட்டைக்கு வெளியே இருந்ததால் அந்தப் பெயர். காலை எட்டரைக்கு கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நில்லுங்கள். பம்பாயிலிருந்து வந்த ஒரு பார்சிக் குடும்பம் தங்கள் தகப்பனின் நினைவாக 1923இல் எழுப்பியது அது. அங்கிருந்து பிரதான வீதியில் இறங்கி, குறுக்குத் தெருக்களுக்குள் ஒவ்வொன்றாக நுழையுங்கள். ஒரு தெருவில் மின்சாதனம், இன்னொன்றில் துணி, அடுத்ததில் அரிசி, கருவாடு, செத்தல் மிளகாய். தள்ளுவண்டியில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு நாட்டாமிமார் ஓடி வருவார்கள். கொழும்பில் மூட்டை சுமக்கும் தொழிலாளியை நாட்டாமி என்போம். அவர் குரல் கொடுத்தால் உடனே ஓரமாக ஒதுங்கிவிடுங்கள். அந்தப் பாரத்தோடு சட்டென்று நிற்க அவரால் முடியாது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு பள்ளிவாசல் எதிர்ப்படும். பலகையில் ஜாமிஉல் அல்ஃபார் என்றிருக்கும். நாங்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்போம். 1908இல் தொடங்கி அடுத்த ஆண்டே முடித்தார்கள். திட்டம் போட்டவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. அந்தக் காலத்தில் கப்பலில் வருகிறவர்கள் கடலிலிருந்தே இதன் கும்மட்டங்களைப் பார்த்து, கொழும்பு வந்துவிட்டது என்று அறிந்துகொள்வார்களாம். தொழுகை நேரம் இல்லாவிட்டால் உள்ளே போய்ப் பார்க்கலாம். தலையை மூட ஒரு துணியும், முழங்காலுக்குக் கீழே வரும் உடையும் வேண்டும்.

அப்புறம் செட்டியார் தெரு. வரிசையாக நகைக்கடைகள், நடுவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கட்டிய பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். ஆடி மாதம் வந்தால் இங்கிருந்துதான் வேல் புறப்பட்டு, காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்குப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி பரவி, கதிர்காம முருகன் தலத்துக்கான யாத்திரைக்குக் கட்டுப்பாடு வந்தபோது, அங்கே போக முடியாதவர்கள் இங்கேயே வேல் எடுக்கத் தொடங்கினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சின்ன வயதில் அப்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்த ஆடிவேல் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு கையில் கரும்பு, மறு கையில் பம்பாய் முட்டாய், தேர் நெருங்கும்போது இரண்டையும் கீழே போட்டுவிட்டுக் கும்பிடச் சொல்வார். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற சிங்களப் பெண்களும் கும்பிட்டார்கள். ஆடியில் வருகிறீர்கள் என்றால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இதைப் பாருங்கள்.

செட்டியார் தெருவிலிருந்து வடக்கே நடந்தால் கொச்சிக்கடை. இங்கே இரண்டு இடங்கள், ஒன்றிலிருந்து மற்றதுக்குச் சில நிமிட நடை. ஒன்று அந்தோனியார் கோயில். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் பகலில் வியாபாரியாக நடமாடி, இரவில் திருப்பலி கொடுத்தாராம். கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது அவர் மணலில் ஒரு சிலுவையை நட்டு மன்றாட, கடல் பின்வாங்கியது என்பது இந்த இடத்தின் கதை. செவ்வாய்க்கிழமைகளில் வந்து பாருங்கள். நெற்றியில் திருநீறு பூசியவர், தலையில் முக்காடு போட்டவர், வெள்ளை உடுத்த பௌத்தப் பெண் என்று எல்லோரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த தேவாலயங்களில் இதுவும் ஒன்று. அந்த நாளில் எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு வீடு அழுகை. இரண்டு மாதத்துக்குள் திருத்தி, ஜூனில் அந்தோனியார் திருநாளுக்கு முன்னால் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே போனால் படம் எடுப்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

மற்றது பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். மதுரைக்காரருக்குக் கோயில் காட்டுவதா என்று நீங்கள் நினைக்கலாம். மீனாட்சியம்மன் கோயிலின் ஒரு மண்டபத்துக்குள் இதை அடக்கிவிடலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இது முழுக்க முழுக்கக் கருங்கல்லால் ஆனது, அதுவும் இருபதாம் நூற்றாண்டில் கட்டியது. பொன்னம்பல முதலியார் 1856இல் நிறுவிய கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் கல்லில் மாற்றிக் கட்டினார். வெளியே துறைமுகத்துக்குப் போகும் பார ஊர்திகளின் இரைச்சல்; வாசலைத் தாண்டி நாலடி வைத்தால் குளிர்ந்த கல்லும், எண்ணெய் விளக்கும், ஓதுவார் குரலும். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொரு மணிக்குள் வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் புறக்கோட்டைக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும், அந்த நாட்களில் இந்த நடையை வைக்காதீர்கள்.

போயா பற்றி ஒரு சொல். ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே அரச விடுமுறை. அன்று மதுக்கடை திறக்காது, இறைச்சியும் பல இடங்களில் கிடைக்காது. ஆனால் மே மாதத்தில் வரும் வெசாக் போயாவுக்கு நீங்கள் இங்கே இருக்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். வீட்டுக்கு வீடு காகிதக் கூடுகளுக்குள் விளக்கு எரியும், சந்திகளில் ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் மாட்டிய தோரணங்கள் புத்தரின் முற்பிறப்புக் கதைகளைச் சொல்லும். தெருவோரமெங்கும் தன்சல் போட்டிருப்பார்கள். சோறு, கடலை, ஐஸ்கிரீம், தேநீர் என்று யார் வந்தாலும் காசு வாங்காமல் கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுங்கள், கூச்சப்படாதீர்கள். மறுத்தால்தான் அவர்களுக்கு மனவருத்தம்.

இரண்டாம் நாள் அருங்காட்சியகம். விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில், பெரிய ஆலமரங்களுக்கு நடுவில் வெள்ளை மாளிகையாக நிற்கும். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1877 ஜனவரி 1ஆம் தேதி திறந்தது. கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற கொழும்புச் சோனகர். என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவைத்தால் போதும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு.

இங்கே எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். மூன்றே மூன்றைப் பாருங்கள். முதலாவது காலி என்ற ஊரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நிறுத்தியது; ஆண்டு 1409. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீன வரிகள் புத்தருக்கும், பாரசீக வரிகள் அல்லாவுக்கும், தமிழ் வரிகள் தென்னாவரை நாயனாருக்கும், அதாவது இன்றைய தெய்வேந்திர முனையில் இருந்த திருமாலுக்கும், கொடுத்த காணிக்கைகளைச் சொல்கின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இதை 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்த இடத்திலிருந்து எடுத்தார்கள். எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. ஆனாலும் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னால், சீனாவிலிருந்து வந்த ஒருவர் இந்தத் தீவில் பேச நினைத்தபோது தேர்ந்தெடுத்த மூன்று மொழிகளில் நம்முடையதும் ஒன்று. பிள்ளைகளை அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது பழைய தலைநகரான பொலன்னறுவையில் எடுத்த வெண்கலங்கள். நடராசர், அம்மன், நாயன்மார். சோழர் கலையின் கை அவற்றில் தெளிவாகத் தெரியும். மூன்றாவது கண்டி அரசர்களின் சிம்மாசனம். உங்கள் ஊருக்கும் அதற்கும் உறவு உண்டு. கண்டியை 1739 முதல் ஆண்டவர்கள் மதுரை நாயக்கர் உறவு முறையில் வந்தவர்கள். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள், 1832இல் அங்கேயே இறந்தான். இங்கிலாந்துக்குக் கொண்டுபோன சிம்மாசனம் 1934இல்தான் திரும்பி வந்தது.

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தால் கறுவாத் தோட்டம். ஒரு காலத்தில் கறுவாப்பட்டைக்காகப் பயிரிட்ட நிலம், இன்று மரநிழல் நிறைந்த அகலமான வீதிகள். சுதந்திர சதுக்கத்துக்கு நடந்தே போகலாம். கண்டி அரசவை மண்டபத்தைப் பார்த்துக் கட்டிய திறந்த மண்டபம், தூண்களில் சாய்ந்துகொண்டு படிக்கிற மாணவர்கள், மாலையில் ஓட வருகிறவர்கள். கிட்டவே இருக்கும் பழைய குதிரைப் பந்தயத் திடல் இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளமாக இருந்தது என்றால் நம்புவது கஷ்டம்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். சதுக்கத்தின் பக்கத்தில்தான் அந்த நிலையம். 1925இல் தொடங்கிய ஒலிபரப்பு, ஆசியாவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர்களைச் சொன்னாலே தமிழ்நாட்டிலிருந்து வருகிற பெரியவர்களின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆனாலும் வாசலுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொடுங்கள். சென்ற வருடம் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு பெரியவரை அங்கே கூட்டிப்போனேன். கைகூப்பிவிட்டு, கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் நின்றார்.

அன்று மாலை பேரை வாவி. அதன் நடுவில் தண்ணீருக்கு மேல் நிற்கும் சீமா மாலகத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. பழைய மண்டபம் நீரில் அமிழ்ந்துபோக, 1970களில் புதிதாகக் கட்டினார்கள். கட்டப் பணம் கொடுத்தது ஒரு முஸ்லிம் குடும்பம், இறந்துபோன தங்கள் மகனின் நினைவாக. பௌத்தத் துறவிகளின் தியான மண்டபத்துக்கு முஸ்லிம் தகப்பன் ஒருவர் கொடுத்த காசு. கொழும்பைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். கிட்டவே கங்காராம விகாரை. பெப்ரவரி வாக்கில் அங்கே நவம் பெரஹர என்ற ஊர்வலம் நடக்கும். யானைகள், கண்டிய நடனம், சாட்டை வீசுகிறவர்கள், நெருப்புப் பந்தம் சுற்றுகிறவர்கள் எல்லோரும் தெருவில் இறங்குவார்கள். அதே சுற்றுவட்டத்தில் கொம்பனித்தெரு. ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்தும் சுற்றுத் தீவுகளிலிருந்தும் கொண்டுவந்த போர்வீரர்களின், நாடுகடத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான மலாயர்கள் வாழும் இடம். பழைய வீடுகள் வேகமாகக் குறைந்துகொண்டே வருகின்றன, உயர்ந்த கட்டடங்கள் முளைக்கின்றன. அதனால் இப்போதே பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டைத் தனியாக ஒரு நிகழ்ச்சியாக வைக்க வேண்டாம், நடக்கிற வழியிலேயே பார்த்துக்கொள்ளலாம். காலையில் வெள்ளவத்தைச் சைவக்கடை ஒன்றில் இடியப்பமும் சொதியும் சம்பலும். உங்கள் ஊர் இடியாப்பம் மாதிரி இருக்காது, சிவப்பரிசி மாவில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். பத்து மணிக்கு ஏதாவது ஒரு தேத்தண்ணிக் கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீயும் மீன் வைத்த பன் ஒன்றும், நாங்கள் மீன் பணிஸ் என்போம். மத்தியானம் சோறு கறி. இரவில் கொத்து ரொட்டி. இரும்புத் தகட்டில் இரண்டு கத்திகள் தாளம் போடுகிற சத்தம் தெருமுனையிலிருந்தே கேட்கும், பிள்ளைகள் அந்தக் கொத்துகிறவரை விட்டு நகரமாட்டார்கள். பறங்கியரின் லம்ப்ரைஸைத் தவறவிடாதீர்கள். இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, கறி, இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் வாழையிலையில் பொதிந்து சூளையில் சுட்டது. அவித்த முட்டையும் வைத்திருந்தால் அது பிற்காலத்துச் சேர்க்கை என்று பறங்கிய நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ரீட் அவெனியூவில் இருக்கும் டச்சு பேர்கர் யூனியன் கட்டடத்தில் கிடைக்கும். கடைசியில் வட்டலப்பம், தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அவித்த இனிப்பு. இதை யார் வீட்டில் செய்தாலும் ருசிதான், ஆனால் சோனக வீட்டு வட்டலப்பத்துக்கு நிகர் இல்லை.

பாஷை பற்றிப் பயப்பட வேண்டாம். புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எங்கும் தமிழிலேயே கதைக்கலாம். முஸ்லிம் கடைக்காரரை 'நானா' என்று கூப்பிட்டால் சிரித்த முகத்தோடு திரும்புவார். சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன். முச்சக்கரவண்டிக்காரரை நீங்கள் வழக்கம்போல 'ஐயா' என்று கூப்பிட்டாலும் அவருக்கு அண்ணா என்றுதான் கேட்கும், நல்லதுதான். வண்டியைக் கைபேசிச் செயலி வழியாக வரவழையுங்கள், அல்லது மீற்றர் போடச் சொல்லி ஏறுங்கள்.

பொழுதுபோக்கு என்று கேட்டதற்கு வருகிறேன். தாமரைக் கோபுரம் 350 மீற்றருக்கு மேல் உயரம், 2022 செப்டம்பரில் மக்களுக்குத் திறந்தார்கள். சூரியன் மறைகிற நேரத்துக்கு ஏறினால் ஒரு தடவை பார்க்கலாம். பெரிய அங்காடிகள் உங்கள் ஊரிலும் இருக்கின்றன, அதற்கு நேரம் செலவழிக்காதீர்கள். தெஹிவளை மிருகக்காட்சிசாலை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்குக் கூண்டுகளைப் பார்க்க மனம் வராது. அதைவிட, கோட்டே பக்கத்தில் பெத்தகான சதுப்பு நிலப் பூங்காவுக்குக் காலை ஆறரைக்குப் போங்கள். மரப்பாலத்தில் நடந்தால் நீலத் தாழைக்கோழி, கொக்கு, மீன்கொத்தி, உடும்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். நகரத்துக்குள் இவ்வளவு சதுப்பு நிலத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதற்காகத்தான் 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகின் முதல் ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அறிவிக்கப்பட்டது. வெள்ளம் வடிய அந்த நிலம்தான் வழி என்பதை மழைக்காலத்தில் இங்கே இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

கிரிக்கெட் பிடித்த வீடு என்றால் பொரளைப் பக்கம் பி. சரவணமுத்து மைதானம். இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடியது இங்கேதான். மைதானத்தின் சொந்தக்காரர் தமிழ் யூனியன் கழகம், முரளிதரன் ஆடிய கழகம். 1948இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகிற வழியில் பிராட்மன் இறங்கி இங்கே ஒரு நாள் ஆடினார். போட்டி இல்லாத நாளிலும் காவலாளியிடம் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் எட்டிப்பார்க்க விடுவார். ஆட்டம் இருந்தால், உள்ளூர்க் கழக ஆட்டமாக இருந்தாலும், மரநிழலில் உட்கார்ந்து பாருங்கள். அவ்வளவு நெருக்கத்தில் நல்ல கிரிக்கெட்டைப் பெரிய அரங்கங்களில் காண முடியாது.

நாடகம், இசை, நடனம் வேண்டுமென்றால் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் மூன்று இடங்களின் நிகழ்ச்சிகளை விசாரியுங்கள். 1953இல் திறந்த லயனல் வென்ட் அரங்கு அளவில் சிறியது, சிங்கள, ஆங்கில நாடகங்களுக்கு இன்றும் அதுதான் தாய்வீடு. சில வேளை தமிழிலும் நடக்கும். நெலும் பொக்குண பெரிய அரங்கு, பொலன்னறுவைத் தாமரைக் குளத்தின் வடிவில் கட்டியது. மூன்றாவது, என் மனதுக்கு மிக நெருக்கமானது, வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கியது. பட்டிமன்றம், நூல் வெளியீடு, இசை நிகழ்ச்சி என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும், யாரும் போய் உட்காரலாம். அதன் நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள் வரிசை வரிசையாக இருக்கும். மூடிய காலம், எரிந்த காலம் எல்லாவற்றையும் தாண்டி ஓர் ஊர் தன் எழுத்தைச் சேர்த்துவைத்திருப்பதை அங்கே பார்க்கலாம். திரும்பும் வழியில் காலி வீதியில் பூபாலசிங்கம் புத்தகசாலைக்குள் நுழைந்து, இலங்கைச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றாவது வாங்கிப் போங்கள். செப்டம்பரில் வந்தால் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி, ஆண்டின் தொடக்கத்தில் வந்தால் தெருவோரத்திலேயே ஓவியர்கள் படம் விற்கும் கலா பொல.

மாலைகள் கடலுக்கு என்றேன். காலிமுகத்திடலை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி, வேலை 1859இல் முடிந்தது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணும்படி தன் பின்னால் வருகிறவர்களைக் கேட்டுக்கொள்ளும் கல் ஒன்று இன்னும் இருக்கிறது. 2022இல் நாடே திரண்டு நின்று ஆட்சியாளரை இறங்கச் சொன்னதும் இதே புல்வெளியில்தான். ஐந்து மணிக்குப் போங்கள். பிள்ளைகளுக்குப் பட்டம் வாங்கிக் கொடுங்கள், காற்று தானாகத் தூக்கிக்கொள்ளும். இறால் வடையை வெங்காயமும் மிளகாய்ச் சாறும் போட்டுச் சுடச்சுட வாங்குங்கள். அலை பலமானது, இங்கே கடலில் இறங்கவேண்டாம்.

கால் நனைக்க ஆசையென்றால் கல்கிசைக் கடற்கரை. அதற்கு வாகனம் பிடிக்காதீர்கள். கோட்டை நிலையத்தில் கரையோர ரயிலில் ஏறி, போகும்போது வலப்பக்கத்து யன்னலைப் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று தண்டவாளமும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகும். அலை உயர்ந்தால் உப்புத் துளி முகத்தில் படும். அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, கட்டணம் மிகக் குறைவு. அலுவலகம் விடும் நேரத்தில் ஏறினால் அப்பாவுக்கு இருக்கை கிடைக்காது, அதனால் மூன்றரைக்குள் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். திரும்பி வரும்போது வெள்ளவத்தையில் இறங்கிக் கடலோர வீதியில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் பின்னேரத்தில் இடி மழை. டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வந்தால் வானம் தெளிவாக இருக்கும். எந்த மாதம் வந்தாலும் ஒரு குடையும், கோயில் பள்ளிவாசல் வாசலில் சுலபமாகக் கழற்றக்கூடிய செருப்பும் கொண்டுவாருங்கள்.